காகிதத்தில் நாலு பேர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீ பட்டென்று போனை வைத்துவிட்டாய். வைப்பதற்கு முன்னால், "இனிமே எதுவா இருந்தாலும் எழுது. போன்ல நீயும் கத்துற, நானும் கத்துறேன், யாரும் யாரையும் கேக்குறதில்ல" என்றாய். சரி, எழுதுகிறேன். கடிதத்தில் என்னை நடுவில் மறித்துப் பேச உன்னால் முடியாதே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் இடது தோள் மூட்டு நழுவி இறங்கியிருக்கிறது. பக்கவாதம் வந்து இரண்டு மாதம்கூட ஆகாத மனிதரை, உணர்ச்சி இல்லாத அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பியிருக்கிறார்கள். பலம் போன கையைப் பிடித்து யாரையும் தூக்கக் கூடாது என்பது பிசியோதெரபிப் படிப்பில் முதல் வாரத்துப் பாடம். எனக்கு முன்னால் படித்தவள் நீ. அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அது நடந்தது உன் அரசு ஆஸ்பத்திரியில், உன் அறையில், நீ நின்றுகொண்டிருக்கும்போது.

இழுத்தது யார்? மணிக்கட்டு உடைந்து, கட்டுப் பிரித்து, பயிற்சிக்கு வந்த ஓர் இஸ்திரிக்கடை அம்மா. ஒரு நோயாளியைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு நோயாளி! கேட்டால், "சோடி போட்டு விட்டிருக்கேன்" என்கிறாய். அக்கா, அது ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவா?

இங்கே எங்கள் தனியார் ஆஸ்பத்திரியில், ஒரு தளத்தில் மட்டும் நாங்கள் ஏழு பேர். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் முழுதாக முக்கால் மணி நேரம். நடுவில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். இன்று காலை ஒருவர் வந்தார். குனிந்து குனிந்து போன் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதாம். அவருக்கே முக்கால் மணி நேரம் கொடுத்தேன். நம் அப்பாவுக்குக் கொடுக்க மாட்டேனா? ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன். அவருடைய துணிமணியை எடுத்து வை. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் நீ கை கொடு, வேண்டாமென்று சொல்லவில்லை. பெற்றவரை மட்டும் விட்டுவிடு.

கோபத்துடன்,
உன் தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது, காரோடு நீயும் வந்தாய், அப்பா கட்டிலைவிட்டு இறங்க மாட்டேன் என்றதும் வந்த வழியே திரும்பினாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் இப்போது நான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அறைக்குள் என் நாற்காலி இருக்கிறது, ஆனால் அதன்மேல் ஒருவர் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியிருந்தார். நீ இந்த அறையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதனால் சொல்கிறேன், கேள். முன்பு இது வார்டு அழுக்குத் துணிகளைப் போட்டு வைக்கும் அறை. ஒரே ஜன்னல். யாரோ புண்ணியவான் மூடியபடியே பெயிண்ட் அடித்துவிட்டதால் திறக்காது. பிடித்து நடக்கப் பழகும் இரட்டைக் கம்பியில் ஒரு பக்கம் ஆடும். முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் நான் வருவதற்குள் வராந்தாவை நிறைத்துவிடுவார்கள்.

அன்று நடந்ததைக் கேள். கம்பிக்குள் ஒரு குழந்தை நின்றது, பிறந்ததிலிருந்து நடக்காத குழந்தை. அதன் இடுப்பை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். விட்டால் விழும். அந்த நேரத்தில் அப்பா பெஞ்சிலிருந்து தானாக எழப் பார்த்துச் சரிந்தார். பக்கத்தில் இருந்த அந்த அம்மா அவரைப் பிடித்தார். எந்தக் கை கிடைத்ததோ அதைப் பிடித்தார். நான் "வேணாம்" என்று கத்துவதற்குள் முடிந்துவிட்டது. அவர் பிடிக்காமல் இருந்தால் அப்பாவின் இடுப்பு உடைந்திருக்கும். அந்த அம்மா அன்றிலிருந்து அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவரைப் பற்றி இன்னொரு முறை அப்படி எழுதாதே.

சோடி போடுவது எனக்கு வேண்டுதலா? குணமாகி வருகிறவரைப் புதிதாக வந்தவரோடு சேர்த்து விடுகிறேன். ஒருவர் மடக்க, ஒருவர் எண்ண. நான் நடுவில் நின்று சத்தம் போட. இந்த மாவட்டம் முழுவதற்கும் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

ஆனால் காகிதத்தில் பார்த்தால் நாங்கள் நாலு பேர்! நாலு பணியிடம், நாலும் நிரம்பியிருக்கிறது. ஒருத்தி நான். ஒருவர் மேல்படிப்புக்குப் போனார், படிப்பு முடிந்தும் திரும்பவில்லை. ஒருவர் மேலதிகாரி வீட்டு முழங்கால்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி. இன்னொருவர் இந்த இடத்தை வைத்துக்கொண்டே தலைமை அலுவலகத்தில் அயல்பணி. அவரை நான் கண்ணால் கண்டதில்லை. நான் பிரசவ விடுப்பில் இருந்தபோது வந்து, கையெழுத்துப் போட்டு, அன்றே போய்விட்டாராம். ஆள் கேட்டு எழுதும்போதெல்லாம் "காலியிடம் இல்லை" என்று பதில் வருகிறது. எனக்கு வருகிற கோபத்துக்கு அந்தக் காகிதத்தைச் சாப்பிட்டுவிடலாம் போலிருக்கும்.

அப்பா ஏன் உன்னோடு வரவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும், இல்லையா? நீ போன பிறகு கேட்டேன். "நான் பஸ் ஓட்டின காலத்துல, டிரைவர் வீட்டு ஆளுன்னு உங்கம்மாவையே முன்னாடி ஏத்தினதில்ல. இப்ப எனக்கு மட்டும் தனி வண்டியா? இங்கயே வரிசையில வரேன், விடு" என்றார். அம்மா இருந்திருந்தால் அதற்குப் பதில் சொல்லியிருப்பார்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஒருவர் இருக்கிறார். பெரிய சார் என்போம். தோள் மூட்டில் அவருக்கு இணை யாரும் கிடையாது. நான் இன்று ஏதாவது கற்றிருக்கிறேன் என்றால் அவர் கையைப் பார்த்துக் கற்றதுதான். அப்பா வர மறுத்ததும், வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று கேட்கப் போனேன். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

"அட, அந்த ஊரா? அங்கதானப்பா எனக்கு போஸ்டிங்! ஒரு நாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். அழுக்குத் துணி ரூம் ஒண்ணு, ஜன்னலே திறக்காது. இன்னும் அப்படியேதான் இருக்கா?"

"அங்க என் அக்காதான் சார் இருக்கா" என்றேன். அவர் மேலும் சொன்னார். "அப்ப லீவுல இருந்த பொண்ணு உன் அக்காவா? நல்லா சமாளிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். என் வேலையும் சேர்த்துப் பார்க்கிறாங்களே, ஒரு நன்றி சொல்லணும்."

நன்றி! அக்கா, தலைமை அலுவலகத்தில் அயல்பணி என்று நீ எழுதினாயே, அந்த ஆள் எனக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறார். உன் ஆஸ்பத்திரியில் பேரும் சம்பளமும், இங்கே ஆள். இத்தனை வருடமாக அவர் அறையைக் கடந்து போகும்போதெல்லாம் வணக்கம் வைத்திருக்கிறேன்.

இன்னும் முடியவில்லை. "அப்பாவைக் கூட்டிட்டு வா. நானே பார்க்கிறேன். உன் அப்பான்னா எனக்கும் வேண்டியவர்தானே" என்றார். மனதாரத்தான் சொன்னார், அதுதான் என்னைக் குடைகிறது. அந்தத் தோளைச் சரி செய்ய எனக்குத் தெரிந்து அவரைவிட நல்ல கை இல்லை. அந்தக் கை அன்று உன் அறையில் இருந்திருந்தால் அப்பா தோள் இறங்கியே இருக்காது. நான் என்ன செய்யட்டும்? "சரி" என்று சொல்ல வாய் வரவில்லை. "வேண்டாம்" என்று சொல்ல, அது என் தோள் இல்லையே.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்த ஜன்னலை இரண்டு கையாலும் குத்தினேன். திறக்கவில்லை. விரல் வீங்கியதுதான் மிச்சம். வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

நன்றி சொல்ல வேண்டுமாமே! அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கும், வீட்டில் ஏதோ கஷ்டம் இருக்கும், பாவம், அதனால்தான் வராமல் இருக்கிறார் என்று ஆரம்பத்தில் நானாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பாவத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது அப்பா விஷயம். உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. தோள் இறுகிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்ச நாளில் சட்டைக் கை மாட்டுவதற்குக்கூட உயராது. அவருக்கு நான் தர முடிவது வரிசையில் ஒரு பத்து நிமிடம், வீட்டுக்கு வந்த பிறகு என் உடம்பில் மிச்சம் இருப்பது. அது போதாது. அதனால் நானே சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன், "போங்கப்பா, அந்த ஆள் திருடனா இருந்தா என்ன, கை முக்கியம்" என்று. சொன்னது எனக்கே கசந்தது. ஆனாலும் சொன்னேன்.

அப்பா உன் கடிதத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பெரிய சார் பேசியதை மட்டும் மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த ஆளு ரூட்டு இது. ரூட்டை விட்டுட்டு எங்கயோ போய் ஓட்டிக்கிட்டு, வேணும்னா நீ அங்க வந்து ஏறிக்கோங்கிறானா? அவன் என்னைப் பார்க்கட்டும், வேணாங்கல. இங்க வந்து பார்க்கச் சொல்லு. எனக்கு முன்னாடி இருக்கிறவங்களைப் பார்த்துட்டு, என் முறை வரும்போது பார்க்கட்டும். அதுவரைக்கும் உக்காந்திருக்கேன்."

"கை போயிடும்ப்பா" என்றேன். "போனா போகட்டும், வலது கை இருக்கு" என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

இதைப் போய் உன் பெரிய சாரிடம் சொல்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

சொன்னேன். தனியாகச் சொல்லவில்லை, திங்கட்கிழமை எல்லோரும் கூடும்போது எழுந்து நின்று சொன்னேன். அப்பா சொன்னதை, ரூட்டு உட்பட, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பெரிய சார் முதலில் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினார்.

"தம்பி, உனக்கு வயசு பத்தாது. நான் அந்த இடத்தை விட்டா, இன்னொருத்தன் அங்க பேரைப் போட்டுட்டு வேற எங்கயாவது உக்காருவான். எல்லா ஊர்லயும் அப்படித்தான் ஓடுது" என்றார். எல்லா ஊரிலும் என்றால் என்ன அர்த்தம் என்று சுற்றிப் பார்த்தேன். ஏழு பேரில் இன்னும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மதியம் நானே போய்க் கேட்டேன். ஒருத்தி மலைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கணக்கில் இருக்கிறாள். இன்னொருவன் தன் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்வான். ஆக, நான் பீற்றிக்கொண்ட ஏழில் மூன்று பேர் வேறு ஊர்க்காரர்களுக்குச் சேர வேண்டியவர்கள். அந்த ஊர்களில் எத்தனை அப்பாக்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களோ!

மறுநாள் சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதினேன். மொட்டைக் கடிதம் இல்லை, என் பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு. யார் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கிறார்கள், அதனால் என்ன கேடு நடக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதினேன்.

அந்த வார முடிவில் எனக்கு வேலை போய்விட்டது. "எங்க சூழலுக்கு நீங்க ஒத்து வரல" என்றார்கள். அது உண்மைதான், ஒத்து வரவில்லை. அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம், உன் அறைக்கே வந்துவிடலாம் என்று விசாரித்தேன். உன் ஊரில் காலியிடமே இல்லையாம். சிரிப்பதா அழுவதா என்று நீயே சொல்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

புகாரை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை காட்டியிருக்கக் கூடாதா?

என்ன கேடு நடக்கிறது என்று எழுதினாயாமே, அதில் அப்பாவின் தோளையும் எழுதினாயா? எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தியை மட்டும் அடிக்கோடு போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். "பயிற்சி பெறாத நோயாளியைக் கொண்டு சிகிச்சை அளித்து, முதியவர் ஒருவருக்குக் காயம் ஏற்படக் காரணமாக இருந்தது" என்று என்மேல் குற்றம். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது. வராதவர்கள் மூன்று பேரை விட்டுவிட்டு, வந்தவளைப் பிடித்திருக்கிறார்கள்!

அறையைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் முதல் பஸ்ஸில் வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குழந்தையின் தாய், "எப்பம்மா திறப்பீங்க?" என்றாள். எனக்கு உன்மேல் வந்த கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. எழுதினால் நீ தாங்கவும் மாட்டாய். நீ நல்லதை நினைத்துத்தான் செய்தாய் என்று அப்பா சொல்கிறார். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே பெட்டியைக் கட்டிவிட்டேன், பிறகு எந்த முகத்தோடு வருவது என்று அவிழ்த்துவிட்டேன். நோயாளிகள் படும் பாடு புரிய வேண்டும் என்றுதான் தோளை எழுதினேன். அதைத் திருப்பி உன்மேல் வீசுவார்கள் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

புகாரைத் திரும்பப் பெறுகிறேன். கோபத்தில் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று எழுதித் தருகிறேன். உன் வேலை மட்டும் தப்பட்டும். நீ சரி என்றால் உடனே அனுப்புகிறேன். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன்.

தம்பி


மே 8

தம்பிக்கு,

திரும்பப் பெற்றால் வீட்டுப் பக்கம் தலை காட்டாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நேற்று நடந்ததைக் கேள்.

அறை பூட்டிக் கிடக்கிறது என்று ஊரே போய் நின்று சத்தம் போட்டதில், துறைக்காரர்கள் உன் பெரிய சாரை அவருடைய சொந்த இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். "விசாரணை முடியும்வரை" என்றுதான் உத்தரவு. நேற்றுக் காலை வந்து இறங்கினார். நல்ல சட்டை, நல்ல செருப்பு. விசாரணை அதிகாரியும் நேற்றுதான் வந்தார். நான் வேலைக்கு வரக் கூடாது, அதனால் அப்பாவுக்குத் துணையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். துணைக்கு வரக் கூடாது என்று உத்தரவில் இல்லை.

ஒன்பது மணிக்குப் பெரிய சார் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நிதானமாகப் பார்த்தார். உன் முக்கால் மணி நேரம். வராந்தாவில் முணுமுணுப்பு தொடங்கியது. பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு இரண்டு பேராகக் கூப்பிட்டார். பதினொரு மணிக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கம்பிக்குள் அந்தக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பி இஸ்திரிக்கடை அம்மாவைப் பார்த்து, "அம்மா, அந்தத் தாத்தா காலைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, எண்ணிக்கிட்டே மடக்குங்க" என்றார். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அப்புறம் அப்பாவின் முறை. பெரிய சாரின் இரண்டு கையும் குழந்தையின் இடுப்பில். நான் தொட்டால் வேலை பார்த்ததாக எழுதிவிடுவார்கள்; அறையில் சும்மா நின்றவர் அதிகாரி ஒருவர்தான். "சார், அவரைக் கொஞ்சம் எழுப்பி இங்க கூட்டிட்டு வாங்களேன்" என்றார் பெரிய சார், அவசரத்தில் யாரென்று பார்க்காமல். அதிகாரியும் உதவும் மனதோடு வந்து, அப்பாவின் இடது கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தக் கையை விடுங்க!" என்று அறையில் இருந்த அத்தனை பேரும் கத்தினோம். வராந்தாவிலிருந்தும் கத்தினார்கள். அதிகாரி சுட்டுவிட்டதைப் போலக் கையை எடுத்தார். அப்பா பெஞ்சிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. வலியில் முகம் சுருங்க, அந்த மனிதரைப் பார்த்து, "பரவாயில்ல, எழுதிக்கோங்க. பயிற்சி இல்லாத ஆளு" என்றார்.

அதிகாரியின் முகம் கறுத்துவிட்டது. "இங்க மொத்தம் எத்தனை பேர்தான் வேலை பார்க்கிறாங்க?" என்று எரிந்து விழுந்தார். உன் பெரிய சார் நிமிர்ந்து, வியர்வையைத் தோளால் துடைத்தபடி, "நான் ஒருத்தன்தான் சார். ஒரு ஆள் எத்தனை பேரைத்தான் பார்க்கிறது?" என்றார். ஒன்பது வருடமாக நான் எழுதி எழுதிச் சலித்த வாக்கியம். அவருக்கு அது ஒரு காலைப் பொழுதில் மனப்பாடம் ஆகிவிட்டது. சொன்ன பிறகு என்னைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவின் தோளை அவர் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், நீ எழுதியது சரிதான், நல்ல கை. முகம் வரைக்கும் உயர்த்திவிட்டார். எனக்கு ஒரு கண்ணில் நன்றி, மறு கண்ணில் கொலைவெறி. "நாளைக்கும் இதே மாதிரி செஞ்சா ஒரு மாசத்துல தலை வாரிக்கலாம்" என்றார் அப்பாவிடம். "நாளைக்கு வருவீங்களா?" என்று அப்பா கேட்டார். அவர் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.

இன்று காலை எனக்கு உத்தரவு வந்தது. என்மேல் குற்றம் இல்லை, உடனே வேலைக்குச் சேரலாம். நான் சேர்ந்துவிட்டதால் "விசாரணை முடியும்வரை" வந்தவரின் வேலை முடிந்ததாம். அதற்கும் காத்திராமல் அவர் நேற்று மாலையே போய்விட்டார். மறுபடியும் தலைமை அலுவலகத்தில் அயல்பணி. அதற்கும் உத்தரவு போட்டிருக்கிறார்கள், நேற்றுக் காலை முதல் செல்லும் என்று. அதாவது அப்பாவின் தோளை அவர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, காகிதப்படி அவர் இங்கே இல்லை.

நீ எழுதியதில் என்னைப் பற்றிய ஒரு பத்திக்கு மட்டும்தான் பதில் கிடைத்திருக்கிறது. மிச்சம் அப்படியே இருக்கிறது. மறுபடி எழுது. மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியையும், வரைபடத்தில் தேடுகிறவனின் ஆஸ்பத்திரியையும் சேர்த்து எழுது. நேற்று அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடத் தயார், அப்பா உட்பட. போஸ்டில் அனுப்பாதே, கையோடு கொண்டு வா. வரிக்கு வரி நான் படித்த பிறகுதான் போக வேண்டும். அப்பாவின் தோளையும் எழுது, இந்த முறை யார் யார் இழுத்தார்கள் என்று முழுசாக எழுது.

முதல் பஸ்ஸிலேயே வா. பெட்டியை அவிழ்க்காதே. உனக்கு இங்கே வேலை இல்லை, காலியிடமும் இல்லை, ஆனால் அப்பாவின் தோளுக்கு ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் வேண்டும்.

அக்கா